46 என்றால் இயல்பு, 45 என்றால் நோயா? கேரியோடைப் அறிக்கையைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

செல்லில் மரபுப் பொருளைச் சுமக்கும் குரோமோசோம்களைப் படமெடுத்து, எண்ணி, வரிசைப்படுத்திப் பார்க்கும் பரிசோதனைதான் கேரியோடைப். அதன் அறிக்கை கைக்கு வந்ததும் கண் முதலில் போய் நிற்பது எண்ணில்தான். 46 என்றிருந்தால் நிம்மதி. 45 அல்லது 47 என்றிருந்தால் கலக்கம். ஆனால் 45 குரோமோசோம்களோடு முழு ஆரோக்கியமாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். 46 குரோமோசோம்களோடு, டவுன் நோய்க்குறியுடன் பிறக்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள். அந்த 45 உள்ள தாய்க்கே இந்த 46 உள்ள குழந்தை பிறப்பதும் உண்டு. இது எப்படி நேர்கிறது என்று விளங்கிவிட்டால், கேரியோடைப்பில் கடினமான பகுதி விளங்கிவிட்டது என்று சொல்வேன். உயிரியல் படிக்கும் மாணவர்களையும், அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து யாரிடம் என்ன கேட்பது என்று திகைத்து நிற்கும் குடும்பங்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: இயல்பான தொகுப்பை அறிந்துகொள்ளுங்கள்

மனித உடல் செல்களில் பொதுவாக 23 ஜோடிகளாக 46 குரோமோசோம்கள் உள்ளன. 22 ஜோடிகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானவை, இவை ஆட்டோசோம்கள். மீதமுள்ள ஜோடி பால் குரோமோசோம்கள்: பெண்ணில் இரண்டு எக்ஸ், ஆணில் ஒரு எக்ஸ், ஒரு ஒய்.

இன்று பள்ளிப் பாடத்தில் வரும் இந்த எண்ணை அறிவியல் உலகம் நெடுங்காலம் தவறாகவே சொல்லிக்கொண்டிருந்தது. 1920களிலிருந்து 48 என்றே நம்பினார்கள். சுவீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் 1956இல் தெளிவான படங்களுடன் 46 என்று காட்டிய பிறகே அது மாறியது. அடுத்த மூன்றே ஆண்டுகளில், 1959இல், டவுன், டர்னர், கிளைன்ஃபெல்டர் ஆகிய மூன்று நோய்க்குறிகளின் குரோமோசோம் காரணங்களும் வெளிவந்தன. சரியான எண் தெரியாதவரை ஒன்று கூடியிருப்பதையோ குறைந்திருப்பதையோ யாரால் சொல்ல முடியும்?

குரோமோசோம்களை அடையாளம் காண மூன்று அம்சங்கள் உதவுகின்றன: நீளம், இடுங்கிய பகுதியான சென்ட்ரோமியர் அமைந்துள்ள இடம், சாயமேற்றியபின் தெரியும் பட்டைகள். சென்ட்ரோமியரின் ஒரு பக்கம் குட்டைக் கை, மறுபக்கம் நெட்டைக் கை. குட்டைக் கையை 'பி' என்றும் நெட்டைக் கையை 'க்யூ' என்றும் குறிப்பார்கள். சென்ட்ரோமியர் நடுவில் இருந்தால் மெட்டாசென்ட்ரிக், ஏறக்குறைய முனையில் இருந்தால் அக்ரோசென்ட்ரிக். 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்து ஆட்டோசோம்களும் அக்ரோசென்ட்ரிக் வகை. இந்த ஐந்து எண்களையும் இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆட்டோசோம்களுக்குப் பெரியதிலிருந்து சிறியதாக 1 முதல் 22 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் எல்லாவற்றிலும் சிறியது 22 அல்ல, 21. அளவீடு துல்லியமாகும் முன்பே டவுன் நோய்க்குறியோடு 21 என்ற எண் ஒட்டிக்கொண்டுவிட்டதால் அதை மாற்றவில்லை.

இரண்டாம் படி: படம் எப்படி உருவாகிறது?

ஆய்வகத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், அறிக்கை ஏன் தாமதமாகிறது, மாதிரி ஏன் சில நேரம் நிராகரிக்கப்படுகிறது என்பதும் விளங்கும்.

பகுப்படையும் செல்லில்தான் குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரியும். எனவே உயிருள்ள செல்கள் வேண்டும். ரத்தத்தை, உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் உள்ள குழாயில் எடுக்கிறார்கள். பீட்டோஹீமாக்ளூட்டினின் என்ற பொருளைச் சேர்த்து, வெள்ளணுக்களில் ஒருவகையான லிம்போசைட்டுகளைப் பகுப்புக்குத் தூண்டி, உடல் வெப்பநிலையில் சுமார் 72 மணி நேரம் வளர்க்கிறார்கள். பிறகு கோல்செமிட் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, பகுப்பை மெட்டாஃபேஸ் நிலையிலேயே நிறுத்துகிறார்கள். குரோமோசோம்கள் மிகவும் சுருங்கித் தடித்து, எண்ணத் தோதாக இருக்கும் நிலை அது.

அடுத்து செல்களை அடர்த்தி குறைந்த உப்புக் கரைசலில் இடுகிறார்கள். நீர் உள்ளே புகுந்து செல் உப்ப, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த குரோமோசோம்கள் விலகிப் பரவுகின்றன. இந்த எளிய உத்தி 1950களில் புழக்கத்துக்கு வந்ததுதான் 46 என்ற சரியான எண்ணுக்கு வழி திறந்தது. பின்னர் மெத்தனால், அசிட்டிக் அமிலக் கலவையில் நிலைப்படுத்தி, கண்ணாடித் தகட்டில் சொட்டி, டிரிப்சின் நொதியால் சற்றே பதப்படுத்தி, ஜீம்சா சாயம் ஏற்றுகிறார்கள். கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தோன்றுகின்றன. ஜி பட்டை முறை என்பது இதுதான். ஒவ்வொரு குரோமோசோமுக்கும் அதற்கே உரிய பட்டை வரிசை உண்டு.

வழக்கமாக 20 செல்களையாவது ஆராய்வார்கள். சிலவற்றைப் படமெடுத்து, ஜோடி சேர்த்து வரிசைப்படுத்துவதுதான் அறிக்கையோடு இணைக்கப்படும் படம். குளிரில் உறைந்த ரத்தமோ, நாள்பட்ட ரத்தமோ பயன்படாது. செல்கள் வளராமல் போனால் மீண்டும் மாதிரி கேட்பார்கள். அப்படிக் கேட்டால் ஏதோ கெட்ட செய்தி என்று பயப்பட வேண்டாம்.

மூன்றாம் படி: குறியீட்டைப் படியுங்கள்

பன்னாட்டு முறைப்படி எழுதப்படும் குறியீட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மொத்த எண்ணிக்கை, பிறகு பால் குரோமோசோம்கள், அதன்பின் மாற்றம் ஏதேனும் இருந்தால் அது. அறிக்கையில் ஆங்கில எழுத்துகளில் இருப்பதை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன்.

46,எக்ஸ்எக்ஸ் என்றால் இயல்பான பெண் தொகுப்பு. 46,எக்ஸ்ஒய் இயல்பான ஆண் தொகுப்பு. 47,எக்ஸ்ஒய்,+21 என்றால் 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக உள்ள ஆண். 45,எக்ஸ் என்றால் ஒரே ஒரு பால் குரோமோசோம் மட்டும் உள்ள தொகுப்பு, அதாவது டர்னர் நோய்க்குறி.

அமைப்பு மாற்றங்களுக்குச் சுருக்கங்கள் உண்டு: நீக்கத்துக்கு 'டெல்', இரட்டிப்புக்கு 'டுப்', தலைகீழ்த் திருப்பத்துக்கு 'இன்வ்', இடப்பெயர்ச்சிக்கு 'டி', இவற்றால் உருவான புதிய வடிவக் குரோமோசோமுக்கு 'டெர்'. அடைப்புக்குறிக்குள் முதலில் வருவது குரோமோசோம் எண்; அடுத்து வருவது எந்தக் கையில், எந்தப் பட்டையில் மாற்றம் என்பது. சதுர அடைப்புக்குறிக்குள் உள்ள எண், எத்தனை செல்களில் அது காணப்பட்டது என்பதைக் காட்டும். 45,எக்ஸ்[12]/46,எக்ஸ்எக்ஸ்[8] என்றிருந்தால் 12 செல்களில் ஒரு தொகுப்பும் 8 செல்களில் வேறொரு தொகுப்பும் இருக்கின்றன. இதற்கு மொசாயிக் நிலை என்று பெயர். கருவுற்ற பிறகு ஏதோ ஒரு செல் பகுப்பில் பிழை நேர்ந்து, ஒரே உடலில் இருவகைச் செல்கள் உருவாகியிருக்கின்றன. ரத்தத்தில் உள்ள விகிதமே மூளையிலும் இதயத்திலும் இருக்கும் என்று கொள்ள முடியாது. ஆகவே அந்த விகிதத்தை வைத்துக் குழந்தையின் எதிர்காலத்தைக் கணக்கிட முயலாதீர்கள்.

நான்காம் படி: எண்ணிக்கை மாறியிருந்தால்

விந்தணுவும் சினைமுட்டையும் உருவாகும் குன்றல் பகுப்பில், ஜோடியாக நிற்கும் குரோமோசோம்கள் பிரிந்து எதிரெதிர் முனைகளுக்குப் போக வேண்டும். பிரியாமல் ஒரே பக்கம் சென்றுவிட்டால் ஓர் இனச்செல்லில் ஒன்று கூடும், மற்றொன்றில் ஒன்று குறையும். கூடியதால் வருவது டிரைசோமி, குறைந்ததால் வருவது மானோசோமி.

சினைமுட்டையில் இது ஏன் தாயின் வயதோடு கூடுகிறது? ஒரு பெண் தன் தாயின் கருவில் இருக்கும்போதே அவளுடைய முட்டைச் செல்கள் குன்றல் பகுப்பைத் தொடங்கி, பாதியில் நின்றுவிடுகின்றன. கருமுட்டை வெளிப்படும் மாதத்தில்தான் அந்தப் பகுப்பு மீண்டும் தொடர்கிறது. இடையில் கடந்தது 20 ஆண்டுகளாகவும் இருக்கலாம், 40 ஆண்டுகளாகவும் இருக்கலாம். குரோமோசோம்களைப் பிணைத்து வைத்திருக்கும் புரதங்கள் அதற்குள் தளர்ந்துபோகின்றன. டவுன் நோய்க்குறிக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 35 வயதில் ஏறக்குறைய 350இல் ஒன்று, 40இல் 100இல் ஒன்று, 45இல் 30இல் ஒன்று. ஆயினும் இளம் வயதில் குழந்தை பெறுவோரின் எண்ணிக்கை மிக அதிகம் என்பதால், டவுன் நோய்க்குறிக் குழந்தைகளில் பலர் இளம் தாய்மாருக்கே பிறக்கிறார்கள். தாய் செய்த, உண்ட, செய்யத் தவறிய எதனாலும் இது நேர்வதில்லை. இதைக் குடும்பத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி மருத்துவர் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

டிரைசோமி எந்தக் குரோமோசோமிலும் நேரலாம். எனினும் முழு டிரைசோமி இருந்தும் குழந்தை உயிருடன் பிறக்கக்கூடிய ஆட்டோசோம்கள் பெரும்பாலும் மூன்றுதான்: 21, 18, 13. காரணம், மரபணுக்கள் மிகக் குறைவாக உள்ள ஆட்டோசோம்கள் இவையே. 19ஆம் குரோமோசோமும் அளவில் சிறியதுதான். ஆனால் அதில் மரபணுக்கள் நெருக்கமாக உள்ளன, அதன் டிரைசோமியைக் கரு தாங்காது. கலைந்த கருக்களில் மிகுதியாகக் காணப்படும் டிரைசோமி 16ஆம் குரோமோசோமினுடையது. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம்.

டவுன் நோய்க்குறியை 1866இல் ஜான் லாங்டன் டவுன் விவரித்தார். காரணம் கூடுதல் 21ஆம் குரோமோசோம் என்பதை 1959இல் பாரிஸில் ஜெரோம் லெழுன், மார்த் கோத்தியே, ரேமோன் டுர்ப்பன் ஆகியோர் வெளியிட்டனர். தளர்ந்த தசைகள், மேல்நோக்கிச் சரிந்த கண்கள், பல அளவுகளிலான அறிவுத்திறன் குறைபாடு ஆகியவை இருக்கும். ஏறக்குறையப் பாதிக் குழந்தைகளுக்கு இதயக் குறை உண்டு. ஆகவே வெளியே அறிகுறி தெரியாவிட்டாலும் பிறந்தவுடன் எக்கோ பரிசோதனை அவசியம். தைராய்டு, செவித்திறன், பார்வை ஆகியவற்றைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். இதய அறுவை சிகிச்சையும் நல்ல மருத்துவக் கவனிப்பும் கிடைக்கும் இடங்களில் இவர்கள் இன்று 60 வயதைத் தொடுகிறார்கள். நடுவயதில் அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு அதிகம்; அந்நோயோடு தொடர்புடைய அமிலாய்டு முன்னோடிப் புரதத்தின் மரபணு 21ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறது.

18ஆம் குரோமோசோமின் டிரைசோமி எட்வர்ட்ஸ் நோய்க்குறி. 13இன் டிரைசோமி பட்டாவ் நோய்க்குறி. இரண்டும் 1960இல் விவரிக்கப்பட்டவை. முன்னதில் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்த இறுகிய கைகளும், பின்னதில் உதடு, அண்ணப் பிளவும் கூடுதல் விரல்களும் அடையாளங்கள். பெரும்பாலான குழந்தைகள் முதல் ஆண்டைக் கடப்பதில்லை. சிலர் கடக்கிறார்கள், அவர்களுக்கு எந்த அளவு சிகிச்சை தருவது என்பதைப் பெற்றோரோடு அமர்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

பால் குரோமோசோம்களில் கதை வேறு. ஒய்யில் மரபணுக்கள் குறைவு. எக்ஸ் ஒன்றுக்கு மேல் இருந்தால், ஒன்றைத் தவிர மற்றவை பெருமளவு செயலிழக்கச் செய்யப்படுகின்றன. மேரி லயன் 1961இல் முன்வைத்த விளக்கம் இது. அதனால்தான் 47,எக்ஸ்எக்ஸ்எக்ஸ், 47,எக்ஸ்ஒய்ஒய் தொகுப்புகளோடு வாழ்கிறவர்களில் பலர் தமக்கு அப்படி இருப்பதை அறியாமலே இருக்கிறார்கள். கூடுதல் ஒய் ஒருவரைக் குற்றவாளியாக்கும் என்ற 1960களின் கருத்து, சிறைகளிலும் காப்பகங்களிலும் மட்டும் தேடியதால் எழுந்த பிழை. அதை இன்றும் நம்புகிறவர்களைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது.

செயலிழந்த எக்ஸிலும் சில மரபணுக்கள் தொடர்ந்து இயங்குகின்றன. உயரத்தைப் பாதிக்கும் ஷாக்ஸ் மரபணு அவற்றில் ஒன்று. அதன் ஒரு பிரதி குறைவதே டர்னர் நோய்க்குறியில் உயரம் குறைவதற்கு முக்கியக் காரணம். சுமார் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது உண்டு. அறிவுத்திறன் பொதுவாக இயல்பானதே. சினைப்பை வளர்ச்சி குன்றுவதால் பருவமடைதல் தாமதமாகும் அல்லது நேராது. வளர்ச்சி ஹார்மோனும் பின்னர் ஈஸ்ட்ரோஜனும் தருவார்கள். மகாதமனிச் சுருக்கம் இருக்கிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது. மொசாயிக் அறிக்கையில் ஒய் குரோமோசோமின் பகுதி தென்பட்டால் சினைப்பையில் கட்டி வரும் வாய்ப்பு உண்டு. அதற்குத் தனி ஆலோசனை வேண்டும்.

கிளைன்ஃபெல்டர் நோய்க்குறியில், அதாவது 47,எக்ஸ்எக்ஸ்ஒய் தொகுப்பில், விரைகள் சிறியவை, டெஸ்டோஸ்டிரோன் குறைவு, உயரம் சற்று அதிகம். பலருக்குக் குழந்தையின்மைக்கான பரிசோதனையில்தான் இது தெரியவருகிறது. இதில் கூடுதல் எக்ஸ் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தந்தையிடமிருந்தே வருகிறது. டர்னரிலும் பெரும்பாலும் தொலைந்துபோவது தந்தை வழிப் பால் குரோமோசோம்தான்.

ஐந்தாம் படி: அமைப்பு மாறியிருந்தால்

தொடக்கத்தில் சொன்ன 45 உள்ள தாய்க்கும் 46 உள்ள குழந்தைக்கும் வருவோம்.

நினைவில் வைக்கச் சொன்ன ஐந்து அக்ரோசென்ட்ரிக் குரோமோசோம்களில் எவையேனும் இரண்டு, சென்ட்ரோமியர் அருகே உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். இது ராபர்ட்சோனியன் இடப்பெயர்ச்சி. 14உம் 21உம் இணைந்தால், இரு நெட்டைக் கைகளும் சேர்ந்த ஒரே குரோமோசோம் உருவாகும். எண்ணிக்கை 45 ஆகும். தொலைந்த குட்டைக் கைகளில் உள்ள மரபணுக்களின் பிரதிகள் மற்ற அக்ரோசென்ட்ரிக் குரோமோசோம்களிலும் இருப்பதால் பாதிப்பில்லை. மரபுப் பொருளின் அளவு சமமாக இருப்பதால் இவரைச் சமநிலைச் சுமப்பாளர் என்பார்கள்.

இவருடைய ஒரு சினைமுட்டைக்கு இணைந்த 14-21 குரோமோசோமும், அதோடு தனி 21ஆம் குரோமோசோமும் சேர்ந்து போய்விட்டால்? தந்தையிடமிருந்து ஒரு 14, ஒரு 21 வந்து சேரும். எண்ணிப்பார்த்தால் மொத்தம் 46. ஆனால் 21இன் நெட்டைக் கை மூன்று பிரதிகள் இருக்கின்றன. குழந்தைக்கு டவுன் நோய்க்குறி.

டவுன் நோய்க்குறியில் சுமார் 95 சதவீதம் தனித்த டிரைசோமி, 3 முதல் 4 சதவீதம் இடப்பெயர்ச்சி, எஞ்சியது மொசாயிக். குழந்தையின் முகத்தைப் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. கேரியோடைப் மட்டுமே பிரிக்கும். தனித்த டிரைசோமி என்றால், இளம் தாய்க்கு அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம். இடப்பெயர்ச்சி என்றால் பெற்றோர் இருவருக்கும் கேரியோடைப் பார்க்க வேண்டும். தாய் சுமப்பாளரானால் வாய்ப்பு 10 முதல் 15 சதவீதம். தந்தையானால் மிகக் குறைவு. பெற்றோரில் ஒருவருக்கு இரு 21களும் ஒன்றோடொன்று இணைந்திருந்தால், உயிருடன் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் டவுன் நோய்க்குறி இருக்கும். இருவருக்கும் இயல்பு என்றால், மாற்றம் குழந்தையில் புதிதாக நேர்ந்தது. "பார்த்தாலே தெரிகிறதே, எதற்குப் பரிசோதனை?" என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இரு குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது பரிமாற்ற இடப்பெயர்ச்சி. சுமப்பவருக்குப் பெரும்பாலும் பாதிப்பு இருக்காது. கருக்கள் திரும்பத் திரும்பக் கலையலாம். மீண்டும் மீண்டும் கருச்சிதைவு நேரும் தம்பதிகளில் 3 முதல் 5 சதவீதத்தினரில், இருவரில் ஒருவருக்கு இத்தகைய சமநிலை மாற்றம் இருக்கும். ஆகவே கணவர், மனைவி இருவருக்கும் பரிசோதனை வேண்டும். மனைவிக்கு மட்டும் செய்துவிட்டு நிறுத்துவது அரைகுறை மருத்துவம்.

நீக்கங்களில் பழமையான எடுத்துக்காட்டு 5ஆம் குரோமோசோமின் குட்டைக் கை முனை இழப்பு. பூனைக்குட்டியின் குரல் போன்ற அழுகையால் பெயர் பெற்ற இதை லெழுன் 1963இல் விவரித்தார். இதைவிட வியப்புக்குரியது 15ஆம் குரோமோசோம். அதன் நெட்டைக் கையில் ஒரே பகுதி தந்தை வழிப் பிரதியில் நீங்கினால் பிராடர்-வில்லி நோய்க்குறி: குழந்தைப் பருவத்தில் தளர்ந்த தசைகள், பின்னர் அடங்காப் பசி. தாய் வழிப் பிரதியில் நீங்கினால் ஏஞ்சல்மேன் நோய்க்குறி: பேச்சு வராமை, வலிப்பு, தள்ளாடும் நடை. அந்தப் பகுதியின் சில மரபணுக்கள் தந்தை வழிப் பிரதியிலும் வேறு சில தாய் வழிப் பிரதியிலும் மட்டுமே இயங்குவதே காரணம்.

அறிக்கையில் 'இன்வ்(9)' என்று பார்த்தால் கலங்க வேண்டாம். 9ஆம் குரோமோசோமின் சென்ட்ரோமியரை ஒட்டிய சிறு திருப்பம் ஆரோக்கியமான மக்களிடையே பரவலாகக் காணப்படும் இயல்பு வேறுபாடு. இதையே குழந்தையின்மைக்குக் காரணமாகக் காட்டினால், வேறொரு மரபியல் மருத்துவரிடமும் கேளுங்கள்.

எலும்பு மஜ்ஜையின் கேரியோடைப்பை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றில் காணப்படும் பிலடெல்பியா குரோமோசோமை 1960இல் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் கண்டறிந்தனர். அது 9, 22 இரண்டுக்கும் இடையிலான இடப்பெயர்ச்சி என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அதனால் உருவாகும் இணைவுப் புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப் மருந்து 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று அந்நோயின் போக்கையே மாற்றியது. இம்மாற்றம் ரத்த செல்களில் பிற்காலத்தில் தோன்றியது, பிள்ளைகளுக்குப் போகாது.

ஆறாம் படி: கேரியோடைப்பின் எல்லையை அறியுங்கள்

நுண்ணோக்கியில் தெரியும் மாற்றம் பொதுவாக 50 லட்சம் முதல் 1 கோடி காரங்கள் (டிஎன்ஏவின் எழுத்துகள்) அளவாவது இருக்க வேண்டும். 22ஆம் குரோமோசோமின் க்யூ11.2 நீக்கம் பெரும்பாலும் 30 லட்சம் காரங்கள் அளவே. இதயக் குறை, அண்ணப் பிளவு, கால்சியம் குறைவு தரும் இந்நீக்கத்தைச் சாதாரண கேரியோடைப் தவறவிட்டுவிடும். அதற்கு, குறிப்பிட்ட துண்டை ஒளிரச் செய்து தேடும் ஃபிஷ் சோதனையோ, எல்லாக் குரோமோசோம்களிலும் டிஎன்ஏ எங்கே கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்று பார்க்கும் மைக்ரோஅரே சோதனையோ வேண்டும். பிராடர்-வில்லிக்கு, தந்தை வழி, தாய் வழிப் பிரதிகளைப் பிரித்துக் காட்டும் டிஎன்ஏ மெத்திலேற்றச் சோதனை. ஒற்றை மரபணு நோய்களான தலசீமியா போன்றவை கேரியோடைப்பில் தெரியவே தெரியா. மறுபுறம், சமநிலை இடப்பெயர்ச்சியை மைக்ரோஅரே காட்டாது. பொருளின் அளவு மாறாமல் இடம் மட்டும் மாறியிருப்பதை அதனால் உணர முடியாது. ஆகவே புதிய சோதனை வந்துவிட்டதால் பழையது தேவையில்லை என்று எண்ண வேண்டாம்.

கர்ப்பத்தின் 10ஆம் வாரத்துக்குப் பிறகு தாயின் ரத்தத்தில் செய்யும் என்ஐபிடி என்ற சோதனை, நஞ்சுக்கொடியிலிருந்து வரும் டிஎன்ஏ துணுக்குகளைப் பார்க்கிறது. அது வடிகட்டும் சோதனை, நோயை உறுதிசெய்யும் சோதனை அல்ல. அதில் ஐயம் எழுந்தால் 11 வாரங்களிலிருந்து நஞ்சுக்கொடித் திசு எடுத்தோ, 15 வாரங்களுக்குப் பின் பனிக்குட நீர் எடுத்தோ உறுதிப்படுத்திய பிறகே எந்த முடிவுக்கும் வர வேண்டும்.

ஏழாம் படி: மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

எத்தனை செல்கள் ஆராயப்பட்டன, மாற்றம் எல்லாச் செல்களிலும் இருந்ததா என்று முதலில் கேளுங்கள். மாற்றம் சமநிலையானதா, இல்லையா? பெற்றோருக்குப் பரிசோதனை தேவையா? தேவையில்லை என்றால், ஏன்? மைக்ரோஅரே போன்ற வேறு சோதனை ஏதும் செய்ய வேண்டுமா? எந்த உறுப்புகளை, எந்த வயதில் பரிசோதிக்க வேண்டும்? பதில்களை எழுதி வாங்குங்கள்; அந்த நேரத்துப் பதற்றத்தில் பாதி மறந்துபோகும்.

சமநிலை மாற்றம் உங்களிடம் இருப்பதாகத் தெரிந்தால் உடன்பிறந்தவர்களிடம் சொல்லுங்கள். அவர்களுக்கும் இருக்க வாய்ப்புண்டு; குடும்பத்தில் யாரோ ஒருவரின் கருச்சிதைவுகளுக்கு அதுவே விடையாக இருக்கலாம். ஆரோக்கியமாக இருக்கும் சிறு பிள்ளைகளுக்கு மட்டும் உடனே பரிசோதனை செய்ய வேண்டியதில்லை. சுமப்பாளராக இருப்பதால் அவர்களுக்கு இப்போது செய்ய வேண்டிய சிகிச்சை எதுவுமில்லை. வளர்ந்து தாமே தீர்மானிக்கும் வயதில் அவர்கள் பரிசோதித்துக்கொள்ளட்டும். குறியீட்டோடு கூடிய அறிக்கையின் பிரதியை அதுவரை பத்திரமாக வைத்திருந்து, அந்த வயதில் அவர்கள் கையில் கொடுங்கள்.